அண்ணனும் நானும் சஃபாரி ராலியும்



போன வாரம் கேத்தனூர் காற்றாலைக் காட்டில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி, "டீச்சர், நீங்க கார் ரேஸ் எல்லாம் பாப்பீங்களா?" என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தார். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன டீச்சருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார். பதில் இரண்டு வரியில் அடங்காது என்பதால் தனியாகவே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு திருத்தம். அது ரேஸ் இல்லை தம்பி, ராலி. ரேஸ் என்றால் வளைந்து வளைந்து வரும் ஒரே தார்ப்பாதையில் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதிக்கொண்டு ஓடுவது. ராலியில் ஒவ்வொரு வண்டியாக, சில நிமிட இடைவெளி விட்டு அனுப்புவார்கள். மண் ரோடு, மலை ரோடு, பனி, சேறு எல்லாம் வரும். எதிரில் போட்டியாளர் இருக்க மாட்டார், கடிகாரம்தான் இருக்கும். வண்டிக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருக்கும் நேவிகேட்டர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த வளைவு எப்படி, எவ்வளவு தூரத்தில் என்று படித்துக்கொண்டே வருவார். குலுங்குகிற வண்டியில் எழுத்துப் பிசகாமல் வாசிக்க வேண்டும். வாசிப்பவர் ஒரு வரி பின்தங்கினால் வண்டி பள்ளத்தில் கிடக்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என் அண்ணனால். அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்துவிட்டார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது உக்கடம் பழைய புத்தகக் கடையிலிருந்து இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிவருவார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எனக்கு அரைகுறையாக வரும். "அம்மிணி, இதுல என்ன போட்டிருக்குன்னு படி" என்பார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் படிப்பேன். அவர் படத்தைப் பார்த்தே, முன்னால் ஏன் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள், புகைக்குழாயை ஏன் மேலே தூக்கியிருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுவார். என் இங்கிலீஷ் பாதி அப்படி வந்ததுதான். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவர்கள் கதைப்புத்தகம் படித்தபோது நான் டாட்சன், லான்சர் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்திரிகைகளில் எங்களைக் கட்டிப்போட்டது ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆரம்பித்தது. ஈஸ்டர் சமயத்தில் நடக்கும். அங்கே அது மழைக்காலம். நைரோபியில் கிளம்பி, எழுபதுகளில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், இரவும் பகலுமாக ஓட்ட வேண்டும். ரோட்டை அடைக்க மாட்டார்கள். எதிரே லாரி வரும், மாடு வரும், சில இடத்தில் ஒட்டகச்சிவிங்கியே வரும். செம்மண் மழையில் கரைந்து வண்டி கதவு வரை புதைந்துவிடும். 1963-ல் 84 வண்டி கிளம்பி ஏழுதான் வந்து சேர்ந்தது. 1968-லும் அதே ஏழு. யார் ஜெயித்தார் என்பதைவிட எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அண்ணன் இன்றைக்கும் அப்படித்தான் கேட்பார், "எத்தனை வண்டி முடிச்சுது?"

அதிலே ஜெயித்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பது எங்களுக்கு ஒரு பெருமை. ஜோகிந்தர் சிங் கென்யாவில் பிறந்த சீக்கியர், மெக்கானிக். 1965-ல் ஒரு பழைய வோல்வோ வண்டியை வாங்கி, தம்பி ஜஸ்வந்த் சிங்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜெயித்தார். பிறகு 1974-லும் 1976-லும் மிட்சுபிஷி லான்சரில் ஜெயித்தார். கென்யாவின் சிங்கம் என்று அந்த ஊர்க்காரர்கள் பட்டம் கொடுத்தார்கள். ஷேகர் மேத்தா ஐந்து தடவை, அதில் 1979 முதல் 1982 வரை வரிசையாக நான்கு. 1973-ல் அவருக்கும் ஸ்வீடன்காரர் ஒருவருக்கும் தண்டனைப் புள்ளி சரிசமமாக வந்துவிட்டது. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு! கடைசியில் சமநிலைக்கான விதிப்படி மேத்தா ஜெயித்தார். தலைப்பாகை கட்டிய மெக்கானிக் ஒருவர் உலகக் கம்பெனிகளை எல்லாம் பின்னால் விட்டுவிட்டு வந்தார் என்ற செய்தி, கோயம்புத்தூரில் கிரீஸ் கையோடு இருந்த இருபது வயசுப் பையனுக்கு என்ன செய்திருக்கும்? அண்ணன் அந்தப் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவைத்தார். சோற்றுப் பருக்கையில் ஒட்டியதுதான்.

எனக்கு என்று ஒரு நாயகி தனியாக இருந்தார். மிஷேல் மூட்டோன், பிரெஞ்சுக்காரர். 1981-ல் இத்தாலியில் சான்ரெமோ ராலியில் ஆடி குவாட்ரோ ஓட்டி ஜெயித்தார். உலக ராலி சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றில் ஒரு பெண் ஜெயித்தது அதுதான் முதல். அடுத்த வருஷம் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று ஜெயித்து, சாம்பியன் பட்டத்துக்கே கிட்டே வந்துவிட்டார். ஐவரி கோஸ்ட் ராலி கிளம்பும் நேரத்தில் அவர் அப்பா இறந்த செய்தி வந்தது. அதோடு ஓட்டினார். வண்டி கவிழ்ந்தது, பட்டம் வால்டர் ரோரலுக்குப் போனது. வேலைக்கு உத்தரவு வருமா, கல்யாணம் முதலில் வருமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் இதைப் படித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் அண்ணன் நோட்டில் ஒட்டவிடாமல் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அதே படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி ஜனம். வண்டி வரும்போது நடுவில் இருப்பவர்கள் விலகி வழிவிடுகிறார்கள், திருவிழாவில் தேருக்கு வழிவிடுகிற மாதிரி. தொட்டுப்பார்க்கக் கை நீட்டுகிறவர்கள் வேறு. குரூப் பி என்று அந்த வகை வண்டிகளுக்குப் பெயர். கடைசிக் காலத்தில் ஐந்நூறு குதிரைத்திறனை எட்டியவை, எடையோ குறைவு. 1986-ல் போர்ச்சுகலில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். இரண்டே மாதத்தில் கோர்சிகா தீவில் ஹென்ரி டோய்வோனனும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் வண்டி எரிந்து போனார்கள். அத்தோடு அந்த வண்டிகளை அடுத்த வருஷத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள். "அப்பத்தான் ராலி செத்துது" என்று சொல்லும் பழைய ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என் அண்ணன் அதில் ஒருவர். நான் இல்லை.

நம் ஊருக்கு ராலி வந்ததை நேரில் பார்த்தது தொண்ணூறுகளில். அப்போது நான் பல்லடம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருந்தேன். ஜிப்ஸியும் மாருதியும் ஊர் ஓரத்து இட்டேரியில் வரும் என்று அண்ணன் பட்டறையிலிருந்து சேதி சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு இருபது பேர் எனக்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தார்கள். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வளைவில் நிற்காதே என்று எல்லோரையும் கொரங்காட்டு மேட்டுக்கு ஏற்றி, கிளுவை வேலிக்கு உள்பக்கம் உட்காரவைத்தேன். அண்ணன் சிரித்தார். "அங்கிருந்து பாத்தா எறும்பு மாதிரி தெரியும் அம்மிணி, கீழ வா" என்றார். அவர் வளைவிலேயே நின்றார். வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்னால் சத்தம் வரும், பிறகு புழுதி, பிறகுதான் வண்டி. ஐந்து விநாடி. போய்விடும். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். மொத்தம் ஒரு முப்பது வண்டி வந்திருக்குமா? கூட்டினால் மூன்று நிமிடம்கூட வராது. அதற்காகக் காலை ஆறிலிருந்து மதியம் வரை வெயிலில். அண்ணனின் சட்டை, மீசை, புருவம் எல்லாம் செம்மண். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியிடம் திட்டு வாங்கினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

கேபிள் டிவி வந்தபின் ஐரோப்பா ராலிகளின் தொகுப்பு பார்க்கக் கிடைத்தது. 1998-ல் பிரிட்டனில் கடைசி ராலி. டோமி மேகினன் முதல் நாளே வெளியேறிவிட்டார். கார்லோஸ் சைன்ஸ் நான்காவதாக வந்தாலே பட்டம். நான்காவதாகவே வந்துகொண்டிருந்தார். கடைசி ஸ்டேஜ், முடிவுக்கோட்டுக்கு முந்நூறு மீட்டர்தான் பாக்கி, டொயோட்டா இன்ஜின் நின்றுவிட்டது. நேவிகேட்டர் லூயிஸ் மோயா "ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு" என்று கெஞ்சுகிறார். வண்டி நகரவில்லை. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் பின்கண்ணாடியிலேயே வீசினார். வருஷம் முழுக்க உழைத்தது, நம் பள்ளிக்கூட மைதானம் அளவு தூரத்தில் போய்விட்டது. வீட்டுக்குப் போக டாக்சி பிடித்திருந்த மேகினன் சாம்பியன் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால் போட்டியிலேயே இல்லாத மனுஷன் சாம்பியன் ஆனது உண்மை. அன்றைக்கு அண்ணன் பையன் அழுதான். அவன் அந்த வருஷம் வந்த காலின் மக்ரே கம்ப்யூட்டர் கேமை விளையாடி விளையாடியே ராலிக்காரனாக மாறிக்கொண்டிருந்தவன்.

பிறகு மெதுவாக ஒவ்வொன்றும் மாறியது. 2002-க்குப் பிறகு சஃபாரியே உலகப் பட்டியலிலிருந்து போய்விட்டது. செபாஸ்டியன் லோப் 2004-லிருந்து 2012 வரை ஒன்பது பட்டத்தையும் அவரே வாங்கினார். மகா திறமைசாலி, குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் ஒரே பிள்ளை ஒன்பது வருஷம் முதல் ரேங்க் வாங்கினால் மற்றப் பெற்றோர் ரேங்க் கார்டு பார்க்கவே வர மாட்டார்கள், இல்லையா? சுபாரு 2008-டு நிறுத்தியது. ஃபோக்ஸ்வாகன் 2016-டு போனது. சிட்ரோயன் 2019-டு போனது. இப்போது மேல்மட்டத்தில் டொயோட்டா, ஹுண்டாய், ஃபோர்டு என்று மூன்று பெயர்தான். வண்டியும் நாம் கடையில் பார்க்கிற வண்டி இல்லை. மேலே அந்த முகம், உள்ளே போட்டிக்கென்றே வளைத்த குழாய்ச் சட்டம். பட்டறைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்து "இதை நானும் பண்ணுவேன்" என்று சொல்ல இனி முடியாது. 22 வயதில் சாம்பியன் ஆன கல்லே ரோவன்பேராவே 25-ல் ராலியை விட்டுவிட்டு வட்டப்பாதை ரேஸுக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

சஃபாரி 2021-ல் திரும்பி வந்தது. நாங்கள் திருவிழாவுக்குக் காத்திருந்த மாதிரி காத்திருந்தோம். நைவாஷா ஏரிப் பக்கம், அடைத்த பாதை, போட்டித் தூரம் முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இடையில் ஓட்டிப்போகும் சாதாரண ரோட்டைச் சேர்த்தாலும் பழைய சஃபாரியில் கால்வாசிதான் வரும். இரவு ஓட்டம் கிடையாது, ஒரே சர்வீஸ் பார்க்குக்குத் தினமும் திரும்பி வருகிறார்கள். வெள்ளிக்கிழமை உடைந்து நின்ற வண்டி, சரிசெய்து சனிக்கிழமை மறுபடி ஓடுகிறது.

அண்ணனுக்கு இதுதான் தாங்கவில்லை. பையன் செல்போனில் காட்டி விளக்கினான். "ஏண்டா, நின்ன வண்டி எப்படிடா மறுபடி ஓடும்?" "தண்டனை நேரம் போட்டு விடுவாங்கப்பா." "அப்ப எத்தனை வண்டி முடிச்சுது?" "அதெல்லாம் இப்ப அப்படிக் கணக்கு இல்லீங்கப்பா." அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

உண்மையான மனஸ்தாபம் அதற்கப்புறம் வந்தது. அண்ணன் பையன் சில வருஷமாகக் கோவை ராலிக்கு மார்ஷலாகப் போகிறான். சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆசைதான். கேத்தனூர் காற்றாலைக் காட்டுக்குள் ஸ்டேஜ் போடுவார்கள். காற்றாலைக்குப் போக வெட்டிய மண் ரோடுகள் ராலிக்கு அருமையாக அமைந்துவிட்டன. அவனுடைய வேலை, ஜனத்தைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்துவது. ஒரு தடவை அண்ணனும் நானும் போனோம். அண்ணன் பழைய வழக்கப்படி வளைவின் வெளிப்பக்கம் போய் நின்றார். பையன் ஓடிவந்தான். "அப்பா, பின்னாடி வாங்க." அண்ணன் நகரவில்லை. "நான் எத்தனை ராலி பாத்திருக்கேன் தெரியுமா?" பையன் குரலை உயர்த்தவில்லை. "நீங்க நகர்ற வரைக்கும் ஸ்டேஜ் ஆரம்பிக்காதுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாக்கி டாக்கியை வாயருகே வைத்தான். சுற்றிலும் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நகர்ந்தார். கயிற்றுக்குப் பின்னால் அல்ல, நேராக வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் ராலிக்கு வருவதில்லை.

வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நான். 2019-ல் ராஜஸ்தானில் பார்மேர் மாவட்டத்தில், ராலி நடந்துகொண்டிருந்த பாதைக்குள் பைக்கில் வந்த ஒரே குடும்பத்தில் மூன்று பேர் செத்துப்போனதை அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். மூட்டோன் கதையைச் சொன்னேன். கூட்டத்தின் நடுவே ஓட்டிய அதே அம்மாள்தான், பின்னாளில் உலக ராலியில் பார்வையாளர் பாதுகாப்பைக் கவனிக்கிற பொறுப்புக்கு வந்தார். ஜனம் ஒதுங்காவிட்டால் ஸ்டேஜையே நிறுத்துகிற அதிகாரம் அவருக்கு. உள்ளே இருந்து பார்த்தவருக்குத் தெரியாததா என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை.

ஒருநாள் பையன் என்னிடம் தனியாக வந்தான். "அத்தை, அன்னைக்கு எங்களை எல்லாம் மேட்டு மேல ஏத்தி உக்கார வச்சீங்களே. அப்பா கீழ வளைவுல நின்னாரு. வண்டி திரும்பறப்ப ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஒரு வண்டிகூட நான் சரியாப் பாக்கலை" என்றான். அவனுக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் அன்றைக்கு அது தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் ரோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இதில் என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். பக்கத்தில் நின்று புழுதி குடிப்பதுதான் ராலி என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எனக்குப் போனது வேறு. அந்த நீளம் போய்விட்டது. நாலு நாள், தூக்கம் இல்லாமல், ஸ்பேனரும் கயிறுமாக, உடைந்ததை ரோட்டோரத்தில் கட்டி எப்படியாவது ஊர் கொண்டுவந்து சேர்ப்பது. மெதுவாகப் போகத் தெரிந்தவன் வேகமானவனை ஜெயிக்கிற போட்டி அது. இப்போது எல்லாமே முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை பாய்ச்சல். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை. அழகுதான், ஆனால் அது ரேஸின் அழகு. கூட்டத்தை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தினாலும் எனக்கு வருத்தம் இல்லை, நீளத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். கொடுக்க மாட்டார்கள். செலவு, டிவி நேரம், யாருக்கும் அவ்வளவு பொறுமையும் இல்லை.

வந்தது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. 2018-லிருந்து உலக ராலியின் எல்லா ஸ்டேஜையும் நேரலையில் காட்டுகிறார்கள். அன்றைக்கு ஒரு நாளில் மூன்று நிமிடம் பார்த்தோம், மீதியை நாங்களே கற்பனை செய்துகொண்டோம். இன்றைக்கு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு முழங்கால் வலி. கேத்தனூர் வெயிலும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே இதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

2024-ல் சஃபாரி மறுபடி ஈஸ்டர் வாரத்துக்கே வந்தது. அண்ணனை வற்புறுத்தி என் வீட்டுக்கு வரவழைத்தேன். பையன் லேப்டாப்பை டிவியில் இணைத்துக் கொடுத்துவிட்டு, அப்பா இருப்பதால் சமையலறைப் பக்கமே நின்றுகொண்டான். அண்ணன் முதலில் பேப்பர் படிப்பது போல இருந்தார். வண்டிக்குள் இருக்கும் காமிரா வந்ததும் பேப்பர் இறங்கியது. நேவிகேட்டர் படிப்பது தெளிவாகக் கேட்டது. அண்ணனுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. "என்ன சொல்றான்?" என்றார். நான் வாய்விட்டுத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். இடது வளைவு, பள்ளம், கவனம், நேர்ரோடு. என்னால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, இரண்டு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தேன். "வண்டியக் கவுத்துருவே அம்மிணி" என்று அண்ணன் சிரித்தார். சமையலறையிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்பாவும் மகனும் அன்றைக்குச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பேசிக்கொள்கிறார்கள், ராலியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் அண்ணன் என்னிடம், "இந்தத் தடவை அவன் எந்த வளைவுல நிக்கறானாம்?" என்று கேட்டார். "எதுக்குண்ணா?" என்றேன். "சும்மா கேட்டேன்" என்றார்.

உங்களிடம் ஒரு உதவி. அன்றைக்குக் கொரங்காட்டு மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரிடமாவது போட்டோ இருந்தால் அனுப்புங்கள். யாரோ ஒருவருடைய மாமா காமிரா கொண்டுவந்திருந்தார் என்று ஞாபகம். அண்ணனுடைய சஃபாரி நோட்டு பூச்சி அரித்து உதிர்கிறது. அதை ஸ்கேன் செய்து தருகிறேன் என்று கோவையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது முன்வந்தால், பஸ் ஏறி நானே கொண்டுவந்து தருகிறேன், கொரியரில் அனுப்ப மனசு இல்லை. அடுத்த ராலிக்கு கேத்தனூர் வருகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நிழல் கிடையாது. மார்ஷல் சட்டையில் கொஞ்சம் தொப்பை போட்ட ஒருவர் "பின்னாடி போங்க" என்று சொன்னால், அவர் என் மருமகன். பின்னாடி போங்கள்.